தேய்த்துக்கொள்ளுதலும் தேய்த்துவிடுதலும்

குளிப்பதற்கு முன், உலர்ந்த தோலைக் கரடுமுரடான தூரிகையால் பாதத்திலிருந்து மேல்நோக்கித் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் ‘ட்ரை பிரஷிங்’ என்ற பெயரில் இந்திய நகரங்களில் பரவியிருக்கிறது. விளம்பரங்களில் இதனோடு ஒரு வடசொல்லும் சேர்ந்து வருகிறது: ‘கர்ஷணா’. இது ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஆயுர்வேத முறை, பட்டுக் கையுறை அணிந்து செய்யப்படுவது, உடலின் நச்சுகளை வெளியேற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக ‘செல்ஃப் கேர்’, அதாவது தன்னைத் தானே பேணிக்கொள்ளும் கலை என்று அச்சொல்லுக்கு விளக்கம் தரப்படுகிறது.

தேய்ப்பதால் தோலின் மேற்பரப்பிலுள்ள இறந்த செல்கள் உதிர்கின்றன, அவ்வளவு உண்மை. நச்சு வெளியேறுகிறது என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. படை, கரப்பான் போன்ற தோல்நோய் உள்ளவர்களுக்கு இப்பழக்கம் தீங்கும் செய்யலாம். வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ‘தன்னைத் தானே’ என்ற சொற்றொடர் இந்தியாவின் பழைய நூல்களோடு எவ்வளவு தூரம் பொருந்தும்?

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘கர்ஷணம்’ என்பது வர்க்கத்தின் நான்காம் எழுத்தான மூச்சொலிக் ககரத்தில் தொடங்கும், ‘தேய்’ எனப் பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்தது. இழுத்தல், உழுதல் எனப் பொருள்படும் வினையடியோ முதல் ககரத்தில் தொடங்குவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே உருக்கொள்கின்றன. சந்தையில் வழங்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அந்த மூச்சொலி உதிர்ந்துவிட்டது. சொல் பழையதுதான். ஆனால் அது ஒரு தொழிற்பெயர். செயலைச் சொல்லும், செய்தவர் யாரென்று சொல்லாது. தமிழ் வினைகள் இந்த இடத்தில் கூடுதலாகப் பேசுகின்றன. ‘தேய்த்துக்கொண்டார்’ என்றால் தம் உடலை, தமக்காக. ‘தேய்த்துவிட்டார்’ என்றால் பெரும்பாலும் பிறர் உடலை, பிறருக்காக. ‘கர்ஷணம்’ என்ற பெயருக்குள் இவ்விரண்டில் எது ஒளிந்திருக்கிறது என்பதை அப்பெயரை வைத்து மட்டும் அறிய இயலாது. அதற்கு மருத்துவ நூல்களைத் தாண்டிச் செல்ல வேண்டும்.

முதலில் மருத்துவ நூல்கள். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 5ஆம் அத்தியாயம், உடலைத் தேய்த்துத் தூய்மை செய்வதால் துர்நாற்றம், உடற்பாரம், சோம்பல், அரிப்பு, அழுக்கு, உணவில் வெறுப்பு, வியர்வையால் வரும் அருவருப்பு ஆகியவை நீங்கும் என்கிறது. அதன் 21ஆம் அத்தியாயம், மிகுந்த உடற்பருமன் உள்ளவர்களுக்கு வறண்ட பொருள்களால் செய்யும் உத்வர்தனத்தைப் பரிந்துரைக்கிறது. வாக்படரின் அஷ்டாங்க இருதயம், நாளொழுக்கத்தைக் கூறும் 2ஆம் அத்தியாயத்தில், உத்வர்தனம் கபத்தைப் போக்கும், கொழுப்பைக் கரைக்கும், உறுப்புகளை உறுதியாக்கும், தோலைத் தெளிவிக்கும் என்று பலன்களை அடுக்குகிறது.

சுஸ்ருத சம்ஹிதையின் சிகித்சாஸ்தானம் 24ஆம் அத்தியாயம் இன்னும் நுணுக்கமானது. உத்வர்தனம், உத்கர்ஷணம், உத்ஸாதனம் என்று தேய்ப்பின் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர்களை அது வழங்குகிறது. உத்ஸாதனம் சிறப்பாகப் பெண்களின் மேனிக்கு ஒளி தரும் என்றும், செங்கல்லால் தேய்ப்பது அரிப்பையும் தடிப்பையும் நீக்கும் என்றும் கூறுகிறது. நெய்ப்பில்லாத மருந்துப் பொடி முதலியவற்றால் தேய்ப்பது உத்கர்ஷணம், நெய்ப்புள்ள விழுதால் தேய்ப்பது உத்ஸாதனம் என்று 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரையாசிரியர் டல்ஹணர் வேறுபடுத்துகிறார். ஆக, இம்மரபின் பகுப்பு உலர்வு, ஈரம் என்பதன்று; நெய்ப்பு, வறட்சி என்பதே.

இந்தப் பகுதிகளில் பட்டுக் கையுறை இல்லை, செங்கல் இருக்கிறது. சூளையில் மிகையாக வெந்து கரடுதட்டிப்போன செங்கல் துண்டு ‘ஜாமா’ என்ற பெயரில் வட இந்தியக் குளியலறைகளில் குதிகால் தேய்க்க இன்றும் பயன்படுகிறது. ஐயாயிரம் ஆண்டு என்ற கணக்கும் இந்நூல்களிலிருந்து கிடைப்பதன்று. சரக, சுஸ்ருத சம்ஹிதைகள் இன்றைய வடிவை அடைந்தது பொது ஆண்டின் தொடக்கத்தை ஒட்டிய சில நூற்றாண்டுகளில் என்பதே பொதுவான கருத்து. எப்படியிருப்பினும், இம்மூன்று நூல்களும் உடலுக்கு என்ன நிகழும் என்று சொல்லுமிடத்தில் பலன்களைப் பட்டியலிடுகின்றன. தேய்க்கும் கை அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் கையை அறநூல்களும் அரசியல் நூல்களும் காட்டிக்கொடுக்கின்றன. மனு ஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயம், மாணவன் குருவின் மகனுக்கு உடல் தேய்த்துவிடக் கூடாது, குருவின் மனைவிக்கு எண்ணெய் பூசுவது, நீராட்டுவது, உடல் தேய்ப்பது, கூந்தல் ஒப்பனை செய்வது ஆகாது என்று விலக்குகிறது. விலக்கு ஒன்று தேவைப்பட்டது என்றால் அதன் பின்னே ஒரு வழக்கம் நின்றது: குருவின் உடலைத் தேய்த்துவிடுவது மாணவனின் பணி. அங்கு ஆளப்படும் சொல், சுஸ்ருதர் ஆளும் அதே ‘உத்ஸாதனம்’. மருத்துவ நூலில் அது சிகிச்சை. அறநூலில் அது பணிவிடை.

பாடலிபுத்திரத்தின் அரண்மனைக்கு வந்தால் காட்சி இன்னும் தெளிவாகிறது. சந்திரகுப்த மௌரியரின் அவைக்குச் செலூக்கஸின் தூதராக வந்த மெகஸ்தனிஸின் குறிப்புகள் சிலவற்றைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தம் நூலின் 15ஆம் பகுதியில் எடுத்தாள்கிறார். இந்தியர் உடற்பயிற்சிகளில் தேய்ப்பையே மிகவும் போற்றுகின்றனர், வழவழப்பான கருங்காலிக் கோல்களைக் கொண்டு உடலை இழைக்கின்றனர் என்பது ஒரு குறிப்பு. அடுத்தது அரசரைப் பற்றியது. அவர் நாள் முழுதும் வழக்குகளைக் கேட்கிறார். உடலைப் பேணும் வேளை வந்தாலும் எழுவதில்லை. நால்வர் சூழ நின்று மரக்கோல்களால் தேய்த்துக்கொண்டிருக்க, விசாரணை நடக்கிறது. அரசரின் உடலைப் பேணும் பொறுப்பு, தந்தையரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட பெண்களிடம் இருந்தது என்றும் அதே பகுதி கூறுகிறது. கருவி கொண்டு உலர்தேய்ப்புச் செய்ததற்கு இந்தியாவிலிருந்து கிடைக்கும் பழைய சான்றுகளுள் இது முக்கியமானது. ஓர் உடலுக்கு நான்கு ஆட்கள் என்பது அதன் கணக்கு.

அர்த்தசாஸ்திரத்தின் காலம் குறித்த விவாதம் நெடியது. ஆனால் அதன் முதல் அதிகரணத்தின் 21ஆம் அத்தியாயம் இதே உலகத்தைச் சேர்ந்தது. அரசனின் உயிர்க்காவலைப் பற்றிப் பேசும் அந்த அத்தியாயம், நீராட்டுதல், உடல் பிடித்துவிடுதல், படுக்கை விரித்தல் முதலிய பணிகளை நம்பகமான பணிப்பெண்கள் செய்ய வேண்டும், அல்லது அவர்களின் மேற்பார்வையில் தொழிலாளர் செய்ய வேண்டும் என்கிறது. அதைத் தொடர்ந்து ஒரு விதி வருகிறது. நீராட்டுப் பொருள்கள், பூச்சுகள், தேய்ப்புப் பொடிகள் ஆகியவற்றை அரசனுக்கு இடுமுன் பணியாளர்கள் தம் மார்பிலும் தோள்களிலும் இட்டுப் பார்க்க வேண்டும். நஞ்சு கலந்திருந்தால் முதலில் புண்படுவது தேய்ப்பவரின் தோல். தேய்ப்புக்கு அங்கு ஆளப்படும் ‘பிரகர்ஷம்’ என்ற சொல், இன்று தூரிகையோடு விற்கப்படும் ‘கர்ஷணா’வின் உடன்பிறப்பு; அதே வினையடி, வேறு முன்னொட்டு. நச்சை வெளியேற்றும் என்று இன்று விளம்பரம் பெறும் செயல், அன்று நச்சைச் சோதிக்கும் வேலையாக ஒரு பணிப்பெண்ணின் மேனியில் நிகழ்ந்தது.

இந்த வரலாற்றில் தம் உடலைத் தாமே தேய்த்துக்கொண்டவர்கள் எங்கே? அவர்கள் கிடைக்கும் இடம் சற்று எதிர்பாராதது: பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலான விநயபிடகம். பணியாளர் வைத்துக்கொள்ள இயலாதவர்கள் துறவிகள். அதன் சுல்லவக்கம் என்ற பகுதியின் 5ஆம் அத்தியாயம் இராஜகிருகத்தில், மூங்கில் வனத்தில் தொடங்குகிறது. ‘அறுவர் குழு’ என்று அடிக்கடி பழிக்கப்படும் பிக்குகள் குளிக்கும்போது தொடை, தோள், மார்பு, முதுகு ஆகியவற்றை மரத்தில் உரசித் தேய்த்துக்கொள்கிறார்கள். மற்போர் வீரர்களைப் போலத் துறவிகள் இப்படிச் செய்யலாமா என்று மக்கள் முணுமுணுக்கிறார்கள். புத்தர் மரத்தில் உரசுவதைத் தடுக்கிறார். அவர்கள் தூணில் உரசுகிறார்கள், அதுவும் தடுக்கப்படுகிறது. பிறகு சுவர். அதன்பின் ஒவ்வொரு கருவியாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை வருகிறது.

இந்தத் தடைகளின் பட்டியலே பண்டைய இந்தியாவின் தேய்ப்புக் கருவிகளைப் பற்றிய அரிய ஆவணம். இலங்கையில் தொகுக்கப்பட்டு, மரபுப்படி புத்தகோசர் பெயரில் வழங்கும் சமந்தபாசாதிகா உரை ஒவ்வொன்றையும் விளக்குகிறது. சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாகச் செதுக்கி, நீராடும் துறையில் நட்டு, பொடி தூவி உடலை உரசும் மரம் ஒன்று. மரத்தால் செய்த கை ஒன்று; அதற்குக் ‘கந்தர்வக் கை’ என்று பெயர். குருவிந்தக் கல்லின் பொடியை அரக்கில் பிணைத்து மணிகளாக்கிக் கோத்த சரம் ஒன்று. அதன் இரு முனைகளையும் பிடித்து உடலைத் தேய்ப்பார்கள். இந்தக் குருவிந்தம் தமிழில் குருந்தக்கல் என வழங்கும் கடினமான கனிமம். அதன் ஆங்கிலப் பெயர் தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது. மகர மீனின் பற்கள்போல் பல் வெட்டிய ‘மல்லகம்’ என்ற சுரண்டி இன்னொன்று. குளிக்குமிடத்தில் ஊன்றி நிறுத்தப்பட்ட அந்த மரக்கைக்குத் தனிப் பொருள் உண்டு. தேய்க்கப் பிறர் கை கிடைக்காதவர்கள், மரத்தில் ஒரு கையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

தடைகள் முடிந்ததும் அத்தியாயத்தின் குரல் மாறுகிறது. சொறியால் வருந்தும் ஒரு பிக்குவுக்கு மல்லகம் இல்லாமல் குளியல் துன்பமாக இருக்கிறது. நோயாளிக்குப் பல் வெட்டாத மல்லகம் அனுமதிக்கப்படுகிறது. முதுமையால் தளர்ந்த ஒரு பிக்குவால் தம் உடலைத் தாமே தேய்த்துக்கொள்ள முடியவில்லை. அவருக்குத் துணிச்சுருள் அனுமதிக்கப்படுகிறது. இறுதியாக, ஒருவர் முதுகை இன்னொருவர் தேய்த்துவிடலாமா என்று பிக்குகள் தயங்குகிறார்கள். வெறுங்கையால் தேய்த்துவிடலாம் என்று விடை வருகிறது.

திகநிகாயத்தின் பிரம்மஜால சுத்தம், உடல் தேய்ப்பையும் பிடித்துவிடுதலையும் அலங்கார ஆசைகளின் பட்டியலில் வைத்து விலக்குகிறது. அங்கு வரும் ‘உச்சாதனம்’ வடமொழி உத்ஸாதனத்தின் பாலி வடிவம். ஆடம்பரமாக விலக்கப்பட்டது, நோயும் முதுமையும் எட்டாத முதுகும் முன்னே வந்தபோது கட்டளைகளைத் தளர்த்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அரண்மனையின் நான்கு பணியாளர்களும் இல்லை. தனிமனிதனின் கருவிகளும் இல்லை. ஒத்தவர் ஒருவர் ஒத்தவர் ஒருவருக்குச் செய்யும் உதவி மட்டும் எஞ்சுகிறது.

சூத்ரகரின் மிருச்சகடிகம் இவ்விரு உலகங்களையும் ஒரே பாத்திரத்தில் சந்திக்க வைக்கிறது. இரண்டாம் அங்கத்தில் சூதாட்டக் கடனுக்கு அஞ்சி ஓடிவரும் ஒருவன் வசந்தசேனையின் வீட்டில் அடைக்கலம் புகுகிறான். பாடலிபுத்திரத்தில் பிறந்தவன், நல்ல குடும்பத்தின் மகன். உடல் பிடித்துவிடும் தொழிலை முதலில் கலையாகக் கற்றதாகவும், இப்போது அதுவே பிழைப்பாகிவிட்டதாகவும் அவளிடம் கூறுகிறான். நாடகத்தில் அவனுக்குப் பெயர் இல்லை. தொழிற்பெயரே அவன் பெயர்: ஸம்வாஹகன், அதாவது உடல் பிடிப்பவன். கடன் தீர்ந்ததும் அவன் துறவு பூண்டு பிக்கு ஆகிறான். எட்டாம் அங்கத்தில், கழுத்து நெரிக்கப்பட்டு இலைகளுக்கடியில் கிடக்கும் வசந்தசேனைக்கு நீர் பிழிந்து உயிர் தருபவன் அவனே. அவள் எழ வேண்டும். துறவி பெண்ணைத் தொடலாகாது. அவன் அருகிலிருந்த கொடியை வளைத்துத் தருகிறான். அதைப் பற்றிக்கொண்டு அவள் எழுகிறாள். கூலிக்காகப் பிறர் உடலைத் தொட்டு வாழ்ந்த கை, தன் மிகப் பெரிய உதவியைத் தொடாமல் செய்கிறது.

பெயரற்ற இந்தக் கை அரண்மனைகளோடு நின்றுவிடவில்லை. ‘உத்வர்தனம்’ பிராகிருதத்தில் ‘உவ்வட்டண’ ஆகி, இந்தியில் ‘உப்டன்’ ஆனது. மஞ்சளும் மாவும் சேர்ந்த அந்தக் கலவை வட இந்தியத் திருமணங்களில் மணமக்களுக்குப் பூசித் தேய்க்கப்படுகிறது; தமிழர் திருமண நலங்குக்கு நெருங்கியது. குடும்பப் பெண்கள் தொட்டு வாழ்த்தும் சடங்காக அது நினைவில் நிற்கிறது. ஆனால் கிராமப்புற வழக்கில் மணமக்களின் உடலைத் தேய்த்து உருட்டி அழுக்கெடுக்கும் வேலை நாவிதக் குடும்பத்தினருக்கு, மணமகளுக்கு அக்குடும்பத்துப் பெண்ணுக்கு, உரியதாக இருந்தது. அதற்குத் தானியமும் துணியும் கூலி. சொல் வைத்திய நூலிலிருந்து சமையலறைக்கும் சோப்புக் கடைக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அதோடு வரவில்லை.

இந்த நெடிய வரிசையில் பெயரோடு தோன்றும் மனிதர் ஒருவர் உண்டு. பாடலிபுத்திரம் இருந்த அதே இடத்தில், பட்னாவில், 1759இல் பிறந்தவர் தீன் முகம்மது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றி, அயர்லாந்து சென்று, 1794இல் தம் பயணநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1810இல் லண்டனில் இந்திய உணவுவிடுதி ஒன்றைத் தொடங்கினார்; அது நிலைக்கவில்லை. பிறகு பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியலும் உடல் பிடித்தலும் சேர்ந்த நிலையத்தை நடத்தினார். ‘ஷாம்பூயிங்’ என்ற பெயரில் 1822இல் நூலும் எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய அரசர்களின் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. மௌரிய அரசரைச் சூழ்ந்து நின்ற நால்வரின் வேலையைத்தான் அவரும் ஓர் அரசருக்குச் செய்தார். அவருக்குக் கதவில் பெயர்ப்பலகையும் அட்டையில் தம் பெயரும் இருந்தன. அதற்கு அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது.

அவர் எடுத்துச்சென்ற சொல்லின் இலக்கணம் இக்கட்டுரையின் கேள்விக்கு நேரே விடை சொல்கிறது. ‘ஷாம்பூ’ என்பது ‘அழுத்து, பிடி’ எனப் பொருள்படும் இந்தி வினையின் ‘சாம்போ’ என்ற வடிவிலிருந்து வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் சொற்பிறப்பு. அவ்வடிவம் ஏவல். தமிழில் ஏவல் என்பது இலக்கணக் கலைச்சொல். பணியாளரிடம் சொல்லும் வேலையும் ஏவலே. ஆங்கிலேயர் காதில் விழுந்தது, ஒருவர் படுத்துக்கொண்டு இன்னொருவருக்கு இட்ட கட்டளை. 18ஆம் நூற்றாண்டில் உடல் பிடித்துவிடுதலைக் குறித்த ஆங்கிலச் சொல், 19ஆம் நூற்றாண்டில் தலைமுடி கழுவுதலைக் குறிக்கத் தொடங்கி, பிறகு அதற்கான திரவத்தையே குறித்தது. ஏவல் வினை தொழிற்பெயராகி, தொழிற்பெயர் பொருட்பெயராகிப் புட்டிக்குள் அடைபட்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை குறைந்தது.

‘கர்ஷணா’வும் அதே பாதையில் செல்கிறது. நீண்ட கைப்பிடியுள்ள தூரிகை ஒரு விடுதலையும்கூட. முதுகைத் தேய்க்க ஒரு தாழ்ந்த சாதியாரையோ பணிப்பெண்ணையோ ஏவ வேண்டியதில்லை என்பது சிறிய மாற்றமன்று. அதைப் பழித்துப் பழைய அரண்மனைக்கு ஏங்க எந்த நியாயமும் இல்லை. ஆயினும் தூரிகையை விற்பதற்காக, ‘நம் முன்னோர் தம்மைத் தாமே பேணிக்கொண்டனர்’ என்று ஒரு கடந்தகாலம் கற்பிக்கப்படும்போது, தம் மார்பில் நஞ்சைச் சோதித்துப் பார்த்த பெண்களும் கூலிக்குத் தேய்த்த குடும்பங்களும் இரண்டாம் முறை அழிக்கப்படுகிறார்கள். இன்றைய பெருநகர ஸ்பாக்களில், வீட்டை விட்டு வெகுதொலைவு வந்து இதே வேலையைச் செய்யும் பெண்களும் அந்தத் தொழிற்பெயருக்குள்ளேயே மறைந்துபோகிறார்கள்.

முன்னோர் மரபு ஒன்றைத் தேடியே ஆகவேண்டும் என்றால், பட்டுக் கையுறையை விட உறுதியான சான்று இராஜகிருகத்தில் இருக்கிறது. மரம், தூண், சுவர், மரக்கை எல்லாம் விலக்கப்பட்ட பிறகு, தன் கைக்கு எட்டாத முதுகை இன்னொரு துறவி வெறுங்கையால் தேய்த்துவிடலாம் என்று தரப்பட்ட அந்த அனுமதி. அங்கே வினைமுதல் மறையவில்லை.